போமி துடைத்த முகம்

இன்னமும் எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் ஸ்டுடியோவுக்கு வேலை பழக வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண், காபி ஆறுவதற்குள் ஒரு மனுஷனை ஊர் கண்ணுக்கே தெரியாமல் செய்துவிட்டாள். அவள் செய்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டு "பிரமாதம்" என்றும் சொன்னோம்.

அவள் பெயர் பியோ போமி. சியோலை ஒட்டிய குன்போ பக்கம் ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் டிசைன் பிரிவு, கடைசி வருஷம். கடைசிப் பருவத்தில் அந்தப் பிள்ளைகளை ஆளுக்கொரு கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். பிடித்துப்போனால் அங்கேயே வேலை. கம்பெனி வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால், காலியாகக் கிடக்கும் வகுப்பறையில் போய் ஒற்றையாய் உட்கார வேண்டும். வராந்தாவில் போகிற சின்னப் பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். "செத்தாலும் திரும்பிப் போக மாட்டேன்க்கா" என்று வந்த வாரமே என்னிடம் சொல்லிவிட்டாள். என்ன வேலை சொன்னாலும் "சரிங்க" என்பாள். மதியம் கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டையை ஒரு கையால் கடித்துக்கொண்டு மறு கையால் மவுஸை நகர்த்துவாள். கண்ணில் விழும் முடியைப் பென்சிலால் சுருட்டிக் கொண்டை போட்டிருப்பாள். பிறகு அந்தப் பென்சிலைத் தேடி மேசையை ரணகளம் ஆக்குவாள்.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சியோல் நகரத்துச் சுங்முரோவில், அச்சகங்கள் நெருக்கியடிக்கிற ஒரு சந்தில், மூன்றாவது மாடி. கீழே காகிதக் கட்டு ஏற்றிய மூன்று சக்கர வண்டிகள் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். முதலாளி மேங் சார், நான், வேலை பழக வருகிற ஒரு பிள்ளை, அவ்வளவுதான் எங்கள் படை. கோழி வறுவல் கடையின் மெனு, வீட்டுத் தரகர் நோட்டீஸ், எது வந்தாலும் செய்வோம். ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது, பள்ளி முடித்துப் போகிற பிள்ளைகளின் ஆல்பம்தான். குளிர்காலம் வந்துவிட்டால் ஒவ்வொரு பள்ளியாக வந்து குவியும்.

ஆல்பம் என்றால் முகம். முகத்துக்கு மேல் முகம். ஒவ்வொன்றிலும் பருவைத் துடைக்க வேண்டும், மச்சத்தை எடுக்க வேண்டும், தாடையைக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும், கண்ணை ஒரு நூல் பெரிதாக்க வேண்டும். இது நாங்கள் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. வேலைக்கு விண்ணப்பிக்கிற படமோ, அடையாள அட்டைப் படமோ, எங்கள் ஊரில் எந்தப் போட்டோக் கடையும் எடுத்த முகத்தை எடுத்தபடி கையில் கொடுக்காது. கொடுத்தால், "என் மேல என்னங்க கோபம் உங்களுக்கு?" என்று கேட்பார்கள்.

போமி இதில் வந்த புதிதிலேயே அடி வாங்கினாள். ஒரு பெண்ணின் மோவாயில் இருந்த மச்சத்தை அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்தாள். அந்தப் பெண்ணின் தாய் போன் போட்டுக் கத்திய கத்தலில் மேங் சாருக்குக் காது சிவந்துவிட்டது. போனை வைத்துவிட்டு நேராக இவளிடம் வந்தார்.

"எதுக்கு அந்த மச்சத்தை விட்ட?"

"அழகா இருந்துச்சுங்க சார்..."

"அழகா இல்லையான்னு சொல்ல நீ யாரு? அவளை மருமகளாக்கிக்கப் போறியா? இங்கேர்ந்து ஒரு முகமும் வந்த மாதிரியே வெளிய போகக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க சார்."

"இன்னொரு தடவை இப்படி ஆச்சு, பையைத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கே போயிடலாம்."

அந்த ஒரு வார்த்தை போதுமே. அதற்குப் பிறகு அவள் கை பறந்தது. இத்தனை வருஷம் இதே வேலையைச் செய்கிற எனக்கே அந்த வேகம் வரவில்லை. ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "ரயில்ல எதிர்ல உக்காந்திருக்கிறவங்க மூஞ்சில மருவைப் பாத்தா என் விரல் தானா துடிக்குதுக்கா." நானும் சிரித்தேன். சிரிக்கிற விஷயம் என்றுதான் அப்போது தோன்றியது.

அப்படி ஒரு காலை, ஓக் யோங்சுன் என்கிற அம்மா எங்கள் படியேறி வந்தார். அறுபது வயசு இருக்கும். சிந்தாங் பக்கம் ஒரு சலவைக்கடை. மேல்கோட்டின் பொத்தான்கள் துளை மாறிப் போடப்பட்டிருந்தன. மறதி நோய் வந்த புருஷன், வீட்டில் போடும் செருப்போடு முந்தின நாள் சாயங்காலம் வெளியே போனவர், திரும்பவில்லை. போலீசில் சொல்லியாகிவிட்டது. ஊர் செல்போன்களுக்கெல்லாம் "ஆளைக் காணோம்" என்று அறிவிப்பும் வந்துவிட்டது. அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? தள்ளிவிட்டுப் போகிறோம். அதனால் நோட்டீசும், தெருவில் கட்டுகிற துணிப் பதாகையும் வேண்டும் என்று வந்திருந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, மேங் சார் கத்துகிற ஆள்தானே தவிர கல்நெஞ்சக்காரர் இல்லை. கையில் இருந்த ஆல்பம் வேலையை அப்படியே நிறுத்தச் சொன்னார்.

"பேரும்மா?"

"சொன் கிபோக்."

"உயரம், போட்டிருந்த துணி எல்லாம் சொல்லுங்க. அப்புறம் மூஞ்சில மச்சம், தழும்பு, அந்த மாதிரி ஏதாச்சும் அடையாளம்?"

அந்த அம்மா தன் போனை நீட்டினார். "எல்லாம் போட்டோலயே தெரியுதுங்களே சார்."

மேங் சார் போனை அப்படியே போமியிடம் தள்ளினார். "சீக்கிரம் முடி. வெளிய உறைஞ்சு கிடக்கு. கிழவர் செருப்போட திரியுறாரு."

நான் அந்த நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியையோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியருக்கு இன்னும் கொஞ்சம் தலைமுடி வேண்டுமாம். "ஏற்கெனவே வச்சாச்சுங்க, இன்னும் வச்சா அது தொப்பி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போமி வேலையை முடித்துவிட்டாள். மேலே பெரிய எழுத்தில் "தேடுகிறோம்". நடுவில் முகம். கீழே உயரம், சாம்பல் நிறப் பஞ்சுச் சட்டை, நீலச் செருப்பு, போன் நம்பர். மேங் சார் நம்பரை இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கச் சொன்னார். "பிரமாதம், கண்ணுல பட்டுன்னு அடிக்குது" என்றார். நானும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினேன்.

ஓக் அம்மா அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சன்னமாக, "என்னைப் பாக்க முதல் தடவை வந்தப்ப இப்படித்தான் இருந்தாரு" என்றார். கண்ணீர் தாளில் விழாமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டார். போமி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டு நாள் போனது. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். எங்கள் மாடிக் குழாயில் தண்ணீர் உறைந்துபோய், கீழ்த்தளத்து அச்சகத்திலிருந்து வாளியில் தூக்கி வந்தோம். "அந்தத் தாத்தா கிடைச்சிருப்பாராக்கா?" என்று போமி கேட்டுக்கொண்டே இருந்தாள். "போன் வந்திருக்கும், நமக்கெதுக்குச் சொல்லப் போறாங்க" என்று நான் சொன்னேன்.

மூன்றாம் நாள் ஓக் அம்மா வந்து நின்றார். பேயறைந்த முகம். எங்கள் நோட்டீஸ் ஒன்று கையில் கசங்கியிருந்தது. உட்காரச் சொன்னதுகூடக் காதில் விழவில்லை. நின்றபடியே சொன்னார்.

சோங்நியாங்னி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வெந்நீர்க் குளியல் விடுதி. அங்கே நோட்டீஸ் ஒட்டப் போயிருக்கிறார். கல்லாவில் இருந்த ஆள், "இது ஏற்கெனவே இங்க இருக்கேம்மா" என்று வாசல் கண்ணாடியைக் காட்டியிருக்கிறான். ஏற்கெனவே யாரோ உறவுக்காரர் கொண்டுபோய் ஒட்டியது. அப்புறம் அவனே சொல்லியிருக்கிறான்.

"முந்தாநாள் இவரை மாதிரியே ஒருத்தர் வந்தாரும்மா. நீலச் செருப்பு. சந்தேகமாத்தான் இருந்துச்சு. இந்தத் தாளைப் பிச்சு அவரு மூஞ்சிக்குப் பக்கத்துலயே வச்சுப் பாத்தேன். இதுல கன்னம் வழவழன்னு இருக்கு. அந்த ஆளுக்குக் காதுலேர்ந்து வாய் வரைக்கும் தீக்காயத் தழும்பு. வேற ஆளுன்னுட்டு மறுபடி ஒட்டிட்டேன். காசு இல்லாம உள்ள விட முடியாதுன்னு அனுப்பிட்டேன்."

ஐயோ! முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான்! கைக்கு எட்டும் தூரத்தில் நின்ற மனுஷனை, எங்கள் தாளைப் பார்த்து, உறைகிற தெருவில் தள்ளியிருக்கிறான்.

மேங் சார் அந்த அம்மாவின் போனை வாங்கி, முதலில் வந்த படத்தைத் திறந்தார். இடது கன்னம் முழுக்கச் சுருங்கிப் பளபளத்த தோல். காதுக்குக் கீழே அகலமாக ஆரம்பித்து வாய் ஓரத்தில் கூராக முடிந்தது. குழந்தைகூடப் பார்த்தவுடன் சொல்லும் அடையாளம். எங்கள் நோட்டீசில் அந்த இடத்தில் ஆல்பத்துப் பையனுடையதைப் போன்ற வழவழ கன்னம் இருந்தது.

"போமி!"

அவர் கத்தியதில் ஜன்னல் அதிர்ந்தது. போமி எழுந்து நின்றாள். படத்தையும் நோட்டீசையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் உதட்டில் ரத்தமே இல்லை.

"நான் பாக்கவே இல்லிங்க சார்... கையே எடுத்துடுச்சு... எடுக்கணும்னு நெனைக்கவே இல்ல... கையே..."

"கையா? கைக்கு மூளை கிடையாது, உனக்குமா கிடையாது? காணாமப் போன ஆளோட தழும்பை எடுப்பாளா எவளாச்சும்? ஒரு உசுருடி!" அதே கோபத்தில் போனை எடுத்துப் போமியின் பள்ளிக்கூடத்து ஆசிரியரைக் கூப்பிட்டார். "சார், திங்கக்கிழமை வந்து உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. ஆமா, நான்தான் பேசறேன். இனிமே உங்க ஸ்கூல்லேர்ந்து யாரும் வேண்டாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தால் முதலாளி, முதியவர் என்றெல்லாம் பார்க்க மாட்டேன். "ஒரு முகமும் வந்த மாதிரி வெளிய போகக் கூடாதுன்னு யாரு சொன்னது? அவளா சொன்னா? செவுத்துல எழுதி மாட்டாத குறை! நீங்க பாத்துத்தானே பிரமாதம்னீங்க?"

"நீ வாயை மூடு யூன்ஜு."

"மூட மாட்டேன்!"

எனக்கு அப்போது ஒன்று ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நடக்கிறது, ஓக் அம்மா போமியை ஒரு வார்த்தை திட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி பண்ணிக் குடுங்க சார்" என்று மட்டும் சொன்னார். என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன்.

நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே போமி மேசை இழுப்பறையிலிருந்து தடித்த மார்க்கர் பேனாக்களை எல்லாம் அள்ளிக் கோட்டுப் பையில் போட்டாள். ஓக் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"பெரியம்மா, புதுசா அச்சடிச்சு வர சாயங்காலம் ஆயிடும். எங்கெங்க ஒட்டியிருக்கீங்க? வாங்க, போலாம்."

யாரையும் கேட்கவில்லை. இரண்டு பேரும் படியிறங்கிப் போய்விட்டார்கள். நான் தழும்போடு புதிய நோட்டீஸ் செய்து, கீழ்த்தளத்து அச்சகக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மற்ற வேலைக்கு முன்னால் ஓட்டச் சொல்லிவிட்டு, மதியத்துக்கு மேல் அவர்களைத் தேடிப் போனேன்.

சோங்நியாங்னி மேம்பாலத்துக்குக் கீழே பார்த்தேன். அரிசிக் கேக் விற்கும் கடையில் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை இரவல் வாங்கி, அதன் மேல் போமி நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேலே கட்டியிருந்த பதாகையில் அந்த மனுஷனின் கன்னத்தில் மார்க்கரால் தீட்டிக்கொண்டிருந்தாள். விரல் விறைத்துப்போய்ப் பேனாவை முஷ்டியால் பிடித்திருந்தாள். ஓக் அம்மா முக்காலியைப் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து சொன்னார். "இன்னும் கீழ. வாய் ஓரம் வரைக்கும். அங்க கூர்மையா முடியும், இஸ்திரிப்பெட்டி முனை மாதிரி. ஆங், அதான்."

வழியில் போன ஒரு பெரியவர் நின்றார். "ஏய் பொண்ணு! காணாமப் போனவர் படத்துல கிறுக்கிறியே, உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? எந்த ஸ்கூல் நீ?"

போமி முக்காலியில் நின்றபடியே குனிந்து வணங்கி, "மன்னிச்சிடுங்க ஐயா" என்றாள். திரும்பிக்கொண்டு மறுபடி தீட்டினாள்.

"சொல்றேன், திரும்பவும் கிறுக்கிறா பாரு!"

"நான்தாங்க அவரு சம்சாரம்" என்றார் ஓக் அம்மா. "கிறுக்கச் சொன்னது நான்தான்."

பெரியவர் நடையைக் கட்டினார். போன மனுஷன் திரும்பி வந்து, தன் கையுறையைக் கழற்றி முக்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

"எப்படிம்மா பட்டது அந்தக் காயம்?" என்று நான் கேட்டேன்.

"கடையில சூடா பெட்டி வச்சிருந்தேன். பாக்காம குனிஞ்சிட்டாரு. அஜாக்கிரதை." முக்காலியின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போலீஸ் அனுப்பின படத்துலயாச்சும் இருக்குமே?"

"அது அடையாள அட்டைப் படம். போட்டோக் கடையிலயே தழும்பை எடுத்துட்டாங்க, அதுலயும் இல்ல."

அந்த மனுஷனின் உண்மையான முகம், அந்த அம்மாவின் போனைத் தவிர, இந்த ஊரில் எங்குமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுத்தெருவில் நின்று யாரைத் திட்டுவது என்று தெரியாமல் திட்டினேன். பிறகு நானும் ஒரு மார்க்கரை வாங்கிக்கொண்டேன். இருட்டும்வரை தூண், பஸ் நிறுத்தம், கடைக் கண்ணாடி என்று ஒன்று விடாமல் தீட்டினோம். மூலிகைச் சந்தையின் வாசல் வளைவுக் கம்பத்தில் இருந்ததைக்கூட போமி விடவில்லை.

அந்தக் கம்பம்தான் பேசியது. மறுநாள் காலை ஒரு கஷாயக் கடைக்காரி ஓக் அம்மாவுக்குப் போன் செய்தாள். மூலிகை காய்ச்சும் அண்டாக்களுக்குப் பின்னால் ஒரு கிழவர் சில நாளாக வந்து படுத்துக்கொள்கிறார், வீடில்லாதவர் என்று நினைத்து விட்டுவைத்தோம், கஞ்சி ஊற்றினோம் என்றாள். "இந்த நோட்டீசைத் தினமும் தாண்டித்தாங்க கடைக்குப் போறேன். இன்னைக்குத்தான் கன்னத்தைப் பாத்தேன்."

உயிரோடு கிடைத்தார். ஆனால் ஒரு காலின் விரல்கள் குளிரில் உறைந்து கறுத்துவிட்டன. அண்டாச் சூடு மட்டும் இல்லாவிட்டால் முதல் ராத்திரியே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

போனில் வந்த சேதியை நான் சொன்னதும் போமி, "உயிரோட இருக்காரா? உயிரோடயா? நெசமாவாக்கா?" என்று நாலைந்து தடவை கேட்டாள். விரலைப் பற்றிச் சொன்னேன். ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் மவுஸைத் தொடவில்லை. மேசையில் இரண்டு கையையும் கவிழ்த்து வைத்துக்கொண்டு, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேங் சார் எதிரிலேயே இருந்தார். "திங்கட்கிழமை" என்ற பேச்சை அவர் வாபஸ் வாங்கவில்லை. நானும் கேட்டுப் பார்த்தேன். "கிடைச்சுட்டாருன்னா தப்பு சரியாயிடுமா?" என்றார்.

சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேங் சார் பழச்சாறு பெட்டி வாங்கிக்கொண்டார். ஆறு படுக்கைகள் போட்ட வார்டு. ஜன்னலோரப் படுக்கையில் சொன் கிபோக் தூங்கிக்கொண்டிருந்தார். காலில் பெரிய கட்டு. ஓக் அம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

போமி யாரும் எதிர்பார்க்காமல் தரையில் மண்டியிட்டாள். நெற்றி தரையில் பட விழுந்தாள். "என்னால தாத்தாவுக்குக் கால் விரல் போச்சு. என்ன தண்டனை வேணாலும் குடுங்க பெரியம்மா. மன்னிக்கச் சொல்லிக் கேக்க மாட்டேன்."

ஓக் அம்மா உரித்துக்கொண்டிருந்த பழத்தை மடியில் வைத்தார். "எந்திரிம்மா."

"மாட்டேன்."

"எந்திரி. நான் பாத்தேன்."

எங்களுக்குப் புரியவில்லை.

"அன்னைக்கே பாத்தேன். தாளை நீங்க கையில குடுத்தவுடனே பாத்தேன். தழும்பு இல்லன்னு எனக்குத் தெரியாதா? தினம் அந்தக் கன்னத்தைப் பாத்துக்கிட்டுத்தானே சோறு திங்கறேன்." குரல் நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அவரு குனியல. குடிச்சிட்டு வந்தாருன்னு சண்டை. சூடான இஸ்திரிப்பெட்டி கையில இருந்துச்சு, அப்படியே திரும்பினேன். ஊர்க்காரங்க கேட்டப்ப அவரே, நான்தான் பாக்காம குனிஞ்சேன்னு சொல்லிட்டாரு. நானும் அதையே சொல்லிட்டேன். இத்தனை வருஷம் ரெண்டு பேரும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தோம். அன்னைக்குத் தாள்ல சுத்தமா இருந்த முகத்தைப் பாத்ததும்... நான் செஞ்சது இல்லாத முகம்... ஒரு தடவையாச்சும் ஊர் அதைப் பாக்கட்டும்னு தோணிச்சு. எப்படியும் கிடைச்சிடுவாருன்னு நெனைச்சேன். வாயைத் திறக்கல."

மேங் சார் கையிலிருந்த பழச்சாறு பெட்டி மெல்லச் சாய்ந்தது. பெருந்தன்மை என்று நினைத்தேனே!

போமி எழுந்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எதற்கும் "சரிங்க" என்கிற பெண், தாய் வயசுப் பொம்பளையைப் பார்த்து வார்டே அதிரக் கத்தினாள்.

"பாத்தீங்களா? பாத்துட்டா சும்மா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஒரே ஒரு வார்த்தை! அவரு செத்திருப்பாரு! நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு இருந்திருப்பீங்க, அவரு செத்திருப்பாரு!"

ஆறு படுக்கையும் திரும்பிப் பார்த்தது. சத்தம் கேட்டு ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். மேங் சார் பழக்க தோஷத்தில், "ஏய், வயசுல பெரியவங்ககிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்க சார்" என்றார் ஓக் அம்மா. "வர்றவங்க எல்லாரும் ஆறுதல் சொல்லியே என்னைக் கொல்றாங்க. பாவம், நல்ல பொண்டாட்டி, எப்படித் தேடினா பாருன்னு. இவ ஒருத்திதான் சரியாச் சொல்றா. இன்னும் சொல்லும்மா."

போமி நின்றபடியே பெருங்குரலெடுத்து அழுதாள். அந்த அம்மாவைத் தொடவும் இல்லை, விலகவும் இல்லை. மேங் சார் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. "சார், திங்கக்கிழமை வர வேண்டாம். இல்லிங்க, பொண்ணு இங்கயே இருக்கட்டும். நான் கொஞ்சம்... நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

இந்தக் களேபரத்தில் சொன் கிபோக் விழித்துவிட்டார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவரையும் தெரியவில்லை. அழுகிற பெண்ணைப் பார்த்துச் சங்கடப்பட்டார். கடைசியில் பக்கத்தில் இருந்த தன் மனைவியிடம், முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டார்.

"மன்னிச்சுக்குங்க. நீங்க யாருன்னு தெரியலியே?"

ஓக் அம்மா தன் பெயரைச் சொல்வார், இல்லை உங்க சம்சாரம் என்பார் என்று நான் நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, அவர் கண்ணைப் பார்த்து, பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"உங்க முகத்தைச் சுட்டவ நான்தாங்க."

அவர் யோசித்தார். போமி அழுகையை நிறுத்தி அவரையே பார்த்தாள்.

"அப்படிங்களா" என்றார் அவர். பிறகு தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சுச் சுளையை எடுத்து, மனைவியிடம் நீட்டினார். "நீங்க இன்னும் ஒண்ணுமே சாப்பிடலியே, எடுத்துக்குங்க."